சாட்டைக்காரி செண்பகமும் ஒரு கடவம் சேனையும்

உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணைத் தேடிப் போலீஸை அலையவிட்டவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அதை நிறுத்த வாய்ப்புக் கிடைத்தபோது, நிறுத்தவும் இல்லை.

பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா மிஷன் ஆசுபத்திரியில் கம்பவுண்டர். கொழும்பில் வேலை பார்த்த மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்கள் கொண்டுவருவார். எல்லாவற்றையும் சேர்த்துவைக்க மாட்டேன் (பெரிய நூலகம் நடத்துகிற நினைப்பு). புலியைக் கண்டதும் கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள், வில்லன் சிரித்த உடனே மயங்கி விழுகிறவள், இவர்களுக்கெல்லாம் என் பெட்டியில் இடமில்லை. அந்தப் புத்தகங்கள் அம்மாவின் அடுப்புக்குப் போய்விடும். தேறியவர்களில் எனக்கு உயிர் சாட்டைக்காரி செண்பகம். குதிரை ஏறுவாள், ஜமீன்தார்களை விளாசுவாள், கல்யாணம் பேச வந்தவனை ஆற்றில் தள்ளுவாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளாக ஆவதைத் தவிர வேறு லட்சியம் கிடையாது. (வீட்டில் குதிரை இல்லாததால் எருமையில் ஏறிப் பார்த்தேன். அது வேறு கதை.)

அது எல்லைப் போராட்டம் நடந்த காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி எங்கு பார்த்தாலும் ஊர்வலம், கூட்டம். நோட்டீஸ் தேடிப் போலீஸ் வீடு வீடாக ஏறியது. ஒருநாள் அப்பா வந்ததும் வராததுமாக, "தமிழில அச்சடிச்சது ஒண்ணும் வீட்டில கெடக்கப்பிடாது. வேதப்புத்தகம் மட்டும் போதும், கேட்டியளா?" என்றார்.

நான் அறிவாளி அல்லவா? புத்தகங்களை வாழைச்சருகில் பொதிந்து, வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் இருந்த கடவம் என்கிற பனையோலைக் கூடையின் அடியில் வைத்து, மேலே சேனைக்கிழங்கை அடுக்கிவிட்டேன். அந்தச் சேனை ஆலயத்தின் அறுப்புப் பண்டிகைக்கு அம்மா நேர்ந்து வைத்தது என்பது எனக்குத் தெரியாது.

பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, கோழி, கிழங்கு எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் லேலம் விளிப்பது, அதாவது ஏலம் விடுவது, எங்கள் சபை வழக்கம். விளிக்கிறவர் சபை மூப்பர் தங்கையன் மாமா. தமிழர்கள் நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து நிற்கிற காலமாதலால், மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு ஏட்டும் அங்கே நின்றிருந்தார்.

எங்கள் கடவம் மேடைக்கு வந்ததைக் கண்டபோதுதான் அம்மா எதற்காக அந்தச் சேனையைச் சேர்த்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது.

"அடியில கெடக்கது இதவிட பெரிசாக்கும்!" என்று கூவிக்கொண்டே மாமா கையை உள்ளே விட்டார். வெளியே வந்தது சருகுப் பொதி. பிரித்துத் தூக்கிக் காட்டினார். குதிரைமேல் செண்பகம். ஓங்கிய சாட்டை. பின்னால் கொடி பிடித்த கூட்டம்.

யாரோ போராட்டத் தலைவி என்று நினைத்து ஏட்டு பாய்ந்து வந்தார். "ஆராணு இது?"

மாமாவிடம் கண்ணாடி இல்லை. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டி, "சாட்டைக்காரி... செண்பகம்" என்று படித்தார்.

"இவள் எவிடெ உண்டு?"

இளவட்டங்களுக்கு இது போதாதா? "பெருங்கடவிளையிலாக்கும், ஏட்டே!" என்றான் ஒருவன். "எலே, அவ காட்டாக்கடைக்கு மாறியாச்சு" என்றான் இன்னொருவன். "குதிர தண்ணி குடிக்க கள்ளிக்காட்டு அணைக்குப் போகும்" என்று மூன்றாவது குரல். ஏட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, என் மொத்தச் சேகரிப்பையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். சேனையை மட்டும் விட்டுவிட்டார்.

உண்மையாகவே தேடினார்கள். பெருங்கடவிளையில் அந்தப் பெயரில் அகப்பட்டது பல் போன ஒரு புளி வியாபாரி. அவருக்குக் குதிரை ஏறத் தெரியுமா என்று விசாரித்தார்களாம்.

கடைசியில், கடவம் யார் வீட்டுடையது என்று விசாரித்து, அப்பாவையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வழியெல்லாம் அப்பா ஒரே பாடம் நடத்தினார். "மக்கா, அப்படி ஒருத்தி உண்டான்னு கேப்பாரு. இல்லன்னு சொல்லணும். அவ்வளவுதான். புஸ்தகம் ஒனக்கு, நிம்மதி எனக்கு."

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். விஷயம் புரிந்து, ஏட்டின் மேல் எரிச்சலில் இருந்தார். "மோளே, இந்த ஏட்டுக்குக் கேக்கும்படி சொல்லு. இந்தச் செண்பகம் உண்டா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். செண்பகத்தின் முகத்தின் மேல் ஏட்டின் சாயா டம்ளர். அவள் நெற்றியில் வட்டமாகக் கறை. ஒரு சாயா டம்ளருக்கு அடியில் அவள் அசையாமல் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்டு சாரே," என்றேன். "இப்ப வருவா. அதுக்கு முன்ன அந்தச் சாயாவ மாத்தச் சொல்லுங்க."

ஏட்டு சட்டென்று வாசலைப் பார்த்தார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆனாலும் போலீஸிடம் முறைத்துக்கொண்ட பெண்ணுக்குப் புத்தகம் கிடையாது என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அப்பா வீடு வரை புலம்பினார்: "ஒரு வார்த்தை, மக்கா. ஒரே ஒரு வார்த்தை!"

எல்லைக் கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. நாங்கள் கேரளத்தில் தங்கிவிட்டோம். பெரியவர்கள் தாலுகா போச்சே என்று துக்கப்பட்டார்கள். நான் செண்பகம் போச்சே என்று அழுதேன். இப்போதும் பழைய புத்தகக் கடை கண்ணில் பட்டால் அவளைத் தேடாமல் வர முடிவதில்லை.

சில வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா அன்றைக்கும் அதே 'இல்ல' என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துத்தான் என்னை முன்னறைக்கு அனுப்பினார். மாப்பிள்ளையின் அம்மா, "பிள்ளைக்குக் கோவம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு," என்றேன்.

அப்பாவின் கை தானாகத் துண்டைத் தேடிப் போனது. மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊர்க்கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. மெதுவாகக் கையை நீட்டி, வேதப்புத்தகத்தின் மேல் வைத்திருந்த தன் சாயா டம்ளரை எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டார். அவரைத்தான் கட்டினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது புத்தகத்தின் மேல் டம்ளரை வைக்கப் போனால், வாண்டுகள் உட்பட எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்: "செண்பகம் வருவா!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.