காட்டூரார் உண்ணும் முறை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை இருந்த நாளில் 'அயல்நாட்டு உணவு ஒழுங்கு விசாரணைக் கச்சேரி' என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் எழுத்துக்காரர் வேலை ஒன்று காலியானது.

நான் காட்டூரில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். வீட்டில் தினமும் மடவை மீன் புளிக்குழம்பும் முருங்கைக் கீரையும்தான். "உனக்கு வேற ஒண்ணுமே ஆக்கத் தெரியாதா?"ன்னு அம்மாவிடம் கத்திவிட்டு, இலையைத் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். வேலை கிடைக்கலைன்னா திரும்பிப் போய் நாற்றுப் பிடுங்கணும். அதுகூடப் பரவாயில்லை, அந்த இலை முன்னாடி மறுபடி உட்காரணும்.

அதனால் விண்ணப்பத்தில் ஒரு சின்னப் பொய் சொன்னேன்: 'மணிலாவில் ஆறு மாதம் தங்கியவன்.' உண்மையில் நான் போன அதிக தூரம் பக்கத்து ஏரிக்கரையிலுள்ள தோணிரேவு. அதற்கே தோணியில் வாந்தி எடுத்தேன்.

கச்சேரித் தலைவர், கோட்டைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி தெய்வசிகாமணி, தேர்வை மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த மணிலாச் சோற்றுக்கடையிலேயே வைத்தார். ஊரில் அப்போது அங்கே சாப்பிடுவதுதான் மோஸ்தர். கடைக்காரி லூசியா மணிலாக்காரி. இவ்வூர் மாலுமி அங்கமுத்துவைக் கட்டிக்கொண்டு வந்து பதினைந்து வருஷமாகிறது. கடை என்பது அவள் வீட்டுக் கூடம்தான். பிள்ளைகள் சாப்பிடுகிற பாயிலேயே நமக்கும் இடம்.

துபாஷி பட்டுத்துணியை அவிழ்த்து இரண்டு இரும்பு முள்கரண்டிகளை எடுத்தார். "அயல்நாட்டு உணவை அயல்நாட்டு முறைப்படி உண்பது கச்சேரியின் நிபந்தனை."

லூசியா இலை போட்டாள். சோறு, புளி கரைத்த மீன் குழம்பு, அதன் மேல் முருங்கைக் கீரை. வாசனை வந்ததும் எனக்குத் திக்கென்றது. அச்சு அசல் அம்மா குழம்பு. காரம் மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

"ஆகா, மணிலா!" என்றேன்.

முள்ளால் குத்தினேன். மீன் நழுவித் துபாஷியின் மடியில் விழுந்தது.

"அயல்நாட்டு மீனுக்கு இந்தத் துள்ளல் உண்டு" என்று அவர் குறித்துக்கொண்டார்.

"காலையில நம்ம ஏரியில புடிச்சது நைனா" என்றாள் லூசியா. எதிரில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இன்னாப்பா இப்படிக் குத்துற? அது செத்துப்போய்தான் வந்திருக்கு."

துபாஷி நிமிர்ந்தார். "அம்மா, நீ உன் நாட்டு முறையை மீறுகிறாய்."

"எங்க நாட்டுல கையாலதான்யா சாப்பிடுவோம்."

"தன் ஊரைப் பற்றித் தானே சாட்சி சொல்லக் கூடாது. பாரபட்சம் வந்துவிடும். வெளியூரார் சொன்னால்தான் செல்லும்." என் பக்கம் திரும்பினார். "மணிலாவில் தங்கிய தம்பி, நீர் சொல்லும்."

லூசியா என்னையே பார்த்தாள். எனக்கோ நாற்றங்கால் கண்ணில் வந்து நின்றது.

"முள்ளால்தான் ஐயா" என்றேன்.

அங்கேயே வேலை கிடைத்தது. முதல் உத்தரவையும் அங்கேயே எழுதினேன்: 'மணிலா முறை தவறியமையால் இது மணிலாக் கடை அன்று.'

"அப்படியானால் இது எவ்வூர் உணவு?" என்றார் துபாஷி.

வேலை கிடைத்த தெம்பில் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க காட்டூர்க் குழம்புதான் ஐயா, சந்தேகமே இல்லை."

"நல்லது. காட்டூரார் உண்ணும் முறையும் பதிவாகட்டும். எப்படி உண்பார்கள்?"

"கையாலதான்."

"நீர் அவ்வூர். செல்லாது. அம்மா, நீ வெளியூர். நீ சொல்."

லூசியா விரலை நக்கிக்கொண்டாள். "முள்ளாலதான்யா" என்றாள் நிதானமாக. "பால் குடி மறந்ததுலேர்ந்தே."

அதையும் நான்தான் எழுதினேன். எழுதாவிட்டால் வேலை போயிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அதே மடவை, அதே கீரை. இலைக்குப் பக்கத்தில் மூங்கிலில் சீவின முள் ஒன்று. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பருக்கையைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"கோட்டை உத்தரவாம். காட்டூர்க்காரன் இப்படித்தான் துன்னணுமாம்" என்றாள் அம்மா. "எழுதினவன் கை வெளங்காமப் போவ!"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பிறகு பசி தாங்காமல் முள்ளை எடுத்தேன்.

"பாரு, என் புள்ள எவ்ளோ அழகா குத்துறான்" என்றாள் அம்மா.