செட் சேலை

"லேவண்டர் எனக்கு வேண்டாம். எனக்குப் பிடிச்சதைத்தான் கட்டுவேன்" என்று பிரவீனா வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி அனுப்பியபோது, தனக்குப் பிடித்தது எது என்பதை அவள் யோசித்திருக்கவில்லை.

நாத்தனார் ரித்திகாவுக்குப் பெருந்துறையில் கல்யாணம். வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் செட் சேலை கட்டுவதாக ஏற்பாடு. போன கல்யாணத்தில் பிஸ்தா, அதற்கு முந்தியதில் பீச். ஆல்பத்தைப் புரட்டினால், தான் எங்கே நிற்கிறோம் என்று பிரவீனாவே தேட வேண்டியிருந்தது. இந்த முறையாவது தான் தானாகத் தெரிய வேண்டும்.

கோவையில் சேலைக்கடைக்குப் போனாள்.

"என்ன பாக்குறீங்க அம்மணி?" என்றார் விற்பனையாளர் சென்னியப்பன்.

"எனக்குப் பிடிச்ச மாதிரி காட்டுங்க."

"என்ன பிடிக்குமுங்க?"

பிரவீனா அலமாரி அடுக்குகளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இப்ப லேவண்டர்தானுங்க ஓடுது" என்று அவரே உதவிக்கு வந்தார்.

சேலைகள் மலையாகக் குவிந்த பிறகு, கடுகு மஞ்சளில் ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தாள். யாரையும் அபிப்பிராயம் கேட்கத் தோன்றவில்லை. அதையே எடுத்து, படத்தைக் குரூப்பில் போட்டாள்.

"மஞ்சச் சேலை கட்டிப் பண்ணாரியம்மன் கோயிலுக்குப் பாத யாத்திரைங்களா அண்ணி?" என்று எழுதினாள் சின்ன மாமனாரின் மகள் தாரணி. பின்னாலேயே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. பிரவீனா குரூப்பை விட்டு வெளியேறினாள். அவர்கள் கூப்பிட்டபோது போனையும் எடுக்கவில்லை.

பெருந்துறையிலிருந்து மாமியார் செல்லாத்தாள், மருமகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு மகனிடம் போனில் பேசினார்.

"ஏன் கண்ணு, ஒருத்தி மட்டும் தனியா நின்னா, ஊட்டுல ஏதோ சண்டைன்னு சம்பந்தி ஊட்டுல நெனைக்க மாட்டாங்களா?"

"எனக்கு ரெண்டு கலரும் ஒண்ணாத்தான் தெரியுதுங்கம்மா" என்றான் அபிலாஷ். அதற்குப் பிறகு அவனோடும் பேச்சில்லை.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அதே கடைக்குப் போய் லேவண்டர் வாங்கினாள்.

"அன்னிக்கே சொன்னேனுங்களே" என்றார் சென்னியப்பன்.

முகூர்த்தத்தன்று மண்டபத்து அறையில் லேவண்டரை உடுத்திக்கொண்டு, தோற்றவளுக்குரிய நிதானத்தோடு மேடையேறினாள். அங்கே வரிசையாக நின்ற பெண்கள் அத்தனை பேரும் கடுகு மஞ்சள்.

"என்னங்க அண்ணி இது?" என்றாள் தாரணி. "உங்க போட்டோவப் பாக்கப் பாக்க எங்களுக்கும் புடிச்சுப்போச்சு. எல்லாரும் அதையே எடுத்துப்போட்டோம். சொல்லலாம்னா நீங்க குரூப்புலயும் இல்ல, போனும் எடுக்கல."

பிரவீனா வாய் திறப்பதற்குள், போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை அசைத்தார்.

"லேவண்டர் அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. இது 'பிரவீனா செட்' போட்டோவாமாங்க."