டவர் அண்ணைக்குக் கிடைத்த அனுமதி

கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்குள் போக இரண்டு வருடம் அனுமதி கேட்டு நின்ற மனிதர், இந்த உலகத்தில் எங்கள் டவர் அண்ணை ஒருவர்தான். சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் ஊர் புளியங்கூடலுக்கு வந்து விசாரிக்கலாம்.

வெளிநாட்டில், விமானங்களுக்கு வழி சொல்லும் 'டவர்' என்கிற கோபுரத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். என் வீட்டுக்கு வந்தாலும் வாசல் படலையடியில் நின்றுவிடுவார்.

"டவர் கதைக்கிறன். உம்மட படலையடியில நிக்கிறன். கிணத்தடி மட்டும் வந்து தண்ணி குடிக்க அனுமதி வேணும்."

"வாங்கோ" என்றால் அசையமாட்டார்.

"பேரைச் சொல்லும். வானம் நிறையப் பிளேன் நிக்கேக்க சும்மா வா எண்டால் ஆர் வாறது? பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உள்ளுக்க போகலாம். பொறு எண்டால் வெளியில வட்டமடிக்க வேணும்."

பேர் சொன்னால், சொன்னதைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார். ஒருநாள் குசினியில் சமைத்தபடி "பொறுங்கோ அண்ணை" என்றுவிட்டு மறந்துபோனேன். முக்கால் மணித்தியாலம் கழித்து எட்டிப் பார்த்தால், மனிதர் சைக்கிளில் என் வீட்டு வளவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வளவு அவருடைய தங்கச்சி செல்வியக்காவுடையது. செல்வியக்காவின் கலியாணத்தில் தோழனாக நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் தரும் மோதிரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் இவர். லீவு கிடைக்கவில்லை என்று வராமல் விட்டார். ஒன்றுவிட்ட தம்பிதான் கால் கழுவினான். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையில் அன்றைக்கு நின்ற கதைபேச்சு, பிறகு தொடங்கவேயில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தப் படலையில் நிற்பார். கடலுக்கு மேலால் பலாலி விமான நிலையத்துக்குப் போகும் சின்ன விமானம் பொன்வெயிலில் மிதந்துபோகும். கீழே இவர் மெல்லிய குரலில் சொல்லுவார்:

"அண்ணன். படலைக்கு வெளியில நிக்கிறன். உள்ளுக்க வர அனுமதி வேணும்."

உள்ளே ஆடு இரண்டு, கோழி பதினொன்று, கொடி நிறையச் சேலை. அக்கா முற்றம் கூட்டிக்கொண்டேயிருப்பா. இவர் வட்டமடிக்கத் தொடங்குவார். பார்க்கக் கனவு மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டும் வரும்.

"நேர போங்கோவன் அண்ணை. ஆர் தடுக்கிறது?"

"வரவேண்டிய நாளில வராமல் விட்டவன் நான். இப்ப கேளாமல் போறது முறையில்லை."

ஒருநாள் அக்கா ஆட்டைப் பார்த்துச் சொன்னா: "வாற ஆக்கள் வரட்டும். படலை பூட்டேல்லை."

நான் துள்ளினேன். அவர் தலையை ஆட்டினார். "அதில என்ர பேர் இல்லை."

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம் சோவென்று மழை. மனிதர் நனைந்துகொண்டு அதே இடத்தில் நிற்கிறார். அக்கா விறாந்தைக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தா.

"ஆசையண்ணா, உள்ளுக்க வாங்கோ."

சின்ன வயதில் அவரை அப்படித்தான் கூப்பிட்டாவாம். அவர் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். "ஆசையண்ணா..." மிச்சத்தைச் சொல்லாமலே சைக்கிளைச் சேற்றில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

இப்போது அவருக்குப் பின்னேரத் தேநீர் அங்கேதான். என் வளவைச் சுற்ற ஒருவரும் இல்லை. ஐந்து மணியானால் குசினி யன்னலால் எட்டிப் பார்க்கிறேன். "டவர் அண்ணை, வாங்கோ" என்று பேர் சொல்லிக் கூப்பிட எனக்கும் ஆசையாக இருக்கிறது.