மாப்பிள்ளை பார்த்த டயர்

பெண் வீட்டார் நம்மைப் பற்றி உயர்வாக ஏதாவது நினைத்துக்கொண்டால் அதை மறுத்துப் பேசும் துணிச்சல் எந்தப் புது மாப்பிள்ளைக்கும் வருவதில்லை. கல்யாணமான முதல் வருஷம் அவன் மாமனார் வீட்டில் பேசுவதில் பாதி பொய். மீதிப் பாதி அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மெட்ராஸில் ஒரு டயர் கம்பெனியின் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்பதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை இங்கிலீஷில் தட்டிக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். டயரை நான் நேரில் பார்ப்பது, ஊரில் எல்லோரையும் போல, பஸ் ஏறும்போது மட்டும்தான். ஆனால் கல்யாணத் தரகர் "பையன் டயர் கம்பெனி" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தச் சேதி நன்றாகச் சதை போட்டுவிட்டது. நான் தாலி கட்டிய அன்று பந்தியில் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னதை நானே கேட்டேன்: "இவரு கையெழுத்து போட்டாத்தான் மெட்ராஸ்ல பஸ்ஸே ஓடுமாம்பா."

(மறுத்திருக்கலாம். வாயில் ஜாங்கிரி இருந்தது.)

என் மாமனார் துரைசாமி விவசாயி. சொந்த டிராக்டர் வைத்திருந்தவர். ஒரு தடவை மகாபலிபுரத்துக்குப் போனபோது, காருக்குப் பின்னால் சின்ன வீடு ஒன்றை மாட்டி இழுத்து வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்திருக்கிறார். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அவர்கள் இவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி வேறு கொடுத்துவிட்டார்கள். மனுஷர் அன்றே முடிவு செய்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் தச்சரைக் கூப்பிட்டு, வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டர் டிரெய்லரின் மேல் ஒரு மர வீட்டைக் கட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் சமையல் பாத்திரம் வைக்க மேடை, மேலே தகரக் கூரை, சுற்றிலும் பச்சை பெயிண்ட். அத்தை, அதாவது என் மாமியார், பழைய புடவையைக் கிழித்து ஜன்னல் திரை தைத்தார். ஊரில் அதற்கு 'வூட்டு வண்டி' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குத் தலைப்பொங்கல் வந்தது. காணும் பொங்கலன்று குடும்பமே வூட்டு வண்டியில் திருமுக்கூடலுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று ஆறுகள் கூடுகிற அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் வெகுநாள் ஆசை. எல்லாம் தயார், டயர் மட்டும் பாக்கி. பழைய டயர்கள் இரண்டும் மாமனாரின் தலையைப் போல வழவழவென்று ஆகியிருந்தன. வைக்கோலுக்குப் போதும், குடும்பத்துக்குப் போதாது.

"டயரு மட்டும் வாங்காம வச்சிருக்கிறேன் மாப்ளே. நீங்க வரட்டும்னுதான்" என்றார் மாமனார், நான் பையைக் கீழே வைக்கும் முன்பே.

என் மனைவி வசந்தாவுக்கு உண்மை தெரியும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, தெரியலன்னா தெரியலன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்களேன். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

"நான் எத்தனை லெட்டர் டைப் அடிச்சிருக்கேன், எனக்கா தெரியாது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடை. மாமனார், அவருடைய தம்பி கோவிந்தன், நான், மூவரும் போனோம். கோவிந்தன்தான் டிராக்டர் ஓட்டுகிறவர், வாய் ஓயாதவர். கடைக்குள் நுழைந்ததுமே, "எங்க மாப்ள டயர் கம்பெனி. பாத்து எடுத்துக் காட்டுபா, ஏமாத்த முடியாது" என்று கடைக்காரரை மிரட்டிவிட்டார்.

கடைக்காரர் உண்மையிலேயே பயந்துபோய் எழுந்து நின்றார். அந்த மரியாதை எனக்குத் தலைக்கேறியது. ஒரு டயரின் மேல் முஷ்டியால் குத்தினேன். இன்னொன்றைக் குனிந்து முகர்ந்தேன். (பலாப்பழம் வாங்கும்போது என் அப்பா செய்வது அது.) லெட்டர்களில் அடித்துப் பழகிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். "சைட்வால் பரவாயில்ல. கேசிங் எப்படி?" என்றேன். கேசிங் என்பது டயரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரர் முதலில் இரண்டு புது டயர்களை எடுத்துப் போட்டார். மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல இருந்தன. என் கண் அவற்றில் நிற்கவில்லை. மூலையில் வேறு ஒரு ஜோடி நின்றது. கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு. மேலே ஆழமான கட்டம் கட்டமான பட்டன்கள், விரலை விட்டால் பாதி உள்ளே போகும்.

"அது என்ன?"

"அதுங்களா, ரீபட்டன் சார்" என்றார் கடைக்காரர் தயங்கி.

தேய்ந்த பழைய டயரின் மேல் புதிதாக ரப்பர் ஒட்டினால் அதற்குப் பெயர் ரீபட்டன். லாரிக்காரர்களுக்கு, டீக்கடைக்காரர்களுக்கு, ஏன், டயரில் ஊஞ்சல் கட்டி ஆடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் தெரியாது. எங்கள் ஆபீஸ் லெட்டர்களில் அதற்கு வேறு பெயர். பட்டன் நிறைய வைத்த உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாமனாருக்கே சந்தேகம் வந்தது. "ரீபட்டனா? நமக்கு சரிப்படுமா மாப்ளே?"

"மாமா, எங்க கம்பெனியிலேயே இதுக்குத்தான் கிராக்கி. புதுசெல்லாம் வெறும் பேருக்கு" என்றேன்.

கடைக்காரர் என்னை உற்றுப் பார்த்தார். அந்த ஜோடியை நெடுநாளாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் போலும். "சார் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு, எங்கள் மனசு மாறுவதற்குள் தானே உருட்டிக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு சேர்த்து அந்த டயர்களுக்கும் சந்தனம், குங்குமம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமனார், "மாப்ள செலக்சன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சந்தோஷம். சந்தோஷம்தான் அதிகம்.

காணும் பொங்கல் காலை. மாமனாரும் கோவிந்தனும் முன்னால் டிராக்டரில். வண்டிக்குள் எங்கள் குடும்பத்தோடு அக்கம்பக்கத்துப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, வடை, கரும்புக் கட்டு எல்லாம் ஏறியது. எனக்கு இடது பக்க ஜன்னலோரம், மரியாதைக்குரிய இடம். அத்தை எதிர்ப்பக்கக் கோடியில், வேறு யாருடைய முதுகுக்கோ பின்னால். கல்யாணமானதிலிருந்து அவர் என் எதிரில் நின்றதும் இல்லை, என்னோடு நேராகப் பேசியதும் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. "மாப்ளைக்கு இன்னும் ஒரு வடை வைம்மா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வசந்தாவிடம் சொல்லுவார். எனக்கு மாமியார் என்றால் ஒரு குரல், ஒரு வளையல் சத்தம், அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தைத் தாண்டும்வரை ராஜ ஊர்வலம்தான். கடைவாசலில் நின்றவர்கள் கை காட்டினார்கள். அத்தை தைத்த திரை காற்றில் ஆடியது. ஐயம்பேட்டை நெருங்கும்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. பட், பட், பட், பட்.

மாமனார் திரும்பி, இன்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்தினார். "இன்னா மாப்ளே அது சத்தம்?"

வண்டிக்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். தெரிந்தவன் செய்கிற மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா! புது டயர் இல்லையா, ரோட்டுக்குப் பழகுது!"

"கேட்டியா?" என்றார் மாமனார் கோவிந்தனிடம், பெருமையாக. கோவிந்தன் இன்னும் கொஞ்சம் வேகமாக விட்டார்.

பட்பட் படபடவென்று ஆனது. படபட தடதடவென்று ஆனது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, "யம்மா, பாம்பு!" என்று அலறினாள். எட்டிப் பார்த்தேன். டயரின் பட்டன் முழுசாகப் பிரிந்து, கறுப்பாக, நீளமாக, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் அடித்துக்கொண்டு துள்ளி வந்தது. 'நிறுத்துங்க' என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வெடித்தது.

வண்டி என் பக்கமாக 'தொபுக்' என்று உட்கார்ந்தது. அதில் இருந்த எல்லாமும் என் மேல் உட்கார்ந்தது. முதலில் கரும்பு. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாள். அப்புறம் வடைக் கூடை. கடைசியாக, எதிர்க்கோடியிலிருந்து பெஞ்சில் வழுக்கிக்கொண்டே வந்து, தயிர்ச்சோற்று அடுக்கை விடாமல் கட்டிப்பிடித்தபடி, என் மடியில் முழுப் பாரத்தோடு இறங்கினார் அத்தை. அடுக்கின் மூடி மட்டும் எங்கோ பறந்துவிட்டது. தயிர்ச்சோறு என் தலையிலிருந்து தலைப்பொங்கல் வேட்டி வரைக்கும் வழிந்தது.

அத்தையின் முகத்தை அன்றுதான் முதன்முதலாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மெதுவாக என் மூக்கின் மேலிருந்த கறிவேப்பிலையை எடுத்தார். அப்புறம், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, என்னிடம் நேராகப் பேசினார்.

"மாப்ளே, நீங்க அந்த ஆபீசுல இன்னா வேலைதான் பாக்கிறீங்க?"

அந்த நிலைமையில் பொய் சொல்லத் தெம்பில்லை.

"டைப் அடிக்கிறேன் அத்தை."

முதலில் சிரித்தது வசந்தா. அடக்கி அடக்கிப் பார்த்து, கரும்புக் கட்டின் மேல் விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்து அத்தை என் மடியில் இருந்தபடியே குலுங்கிச் சிரித்தார். அப்புறம் வண்டியே சிரித்தது. யாருக்கும் அடி இல்லை. என் கௌரவத்தைத் தவிர எதற்கும் சேதம் இல்லை.

சத்தம் கேட்டு ஐயம்பேட்டை நெசவுக்காரர்கள் ஓடிவந்தார்கள். எங்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் ரோட்டில் கிடந்த ரப்பர் பட்டையைத் தூக்கி, புடவை பார்ப்பது போல இரண்டு கையிலும் விரித்துப் பார்த்தார். காஞ்சிபுரப் பட்டில் பார்டரும் உடம்பும் தனித்தனியாகப் பாவு நூல் போட்டு, சேருகிற இடத்தைக் கோர்த்து நெய்வார்கள். கோர்வை என்று பெயர். கோர்வை நல்லதாக இருந்தால் புடவை கிழிந்தாலும் பார்டர் பிரியாது.

"இன்னாபா இது, பார்டர் தனியா, ஒடம்பு தனியா வந்துக்குது! கோர்வை சுத்தமா இல்லியே. யாருபா இத்த எடுத்தது?"

கோவிந்தன் வாயைத் திறந்தார். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"எங்க மாப்ள எடுத்த டயருபா. நல்ல டயருதான். உங்க ஊரு ரோடு சரியில்ல."

ரோட்டுக்கு அப்போதுதான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். முகம் பார்க்கலாம். நெசவுக்காரர் ரோட்டைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், தயிரில் நனைந்த என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாமா, ரோடு மோசம்தான்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தலை கழுவத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

பொங்கலுக்குக் கடைகள் அடைத்திருந்தன. வேறு டயர் கிடைக்க வழியில்லை. அங்கேயே ஒரு புளியமரத்தடியில் பாயை விரித்து, மிஞ்சியதைச் சாப்பிட்டோம். நெசவுக்காரர் வீட்டிலிருந்து குழம்பு வந்தது, எங்கள் கரும்பு அவர்கள் வீட்டுக்குப் போனது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாமனார் இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டைப்பு அடிக்கிறது கஷ்டமா மாப்ளே?"

"பழகிட்டா ஒண்ணும் இல்ல மாமா."

"கீழ பாக்காமயே அடிப்பாங்களாமே?"

"ஆமாம் மாமா. நானும் பாக்காமதான் அடிப்பேன்."

அவர் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். "டயரும் அப்படித்தான் எடுத்துட்டீங்க" என்றார். பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

அத்தை அன்றைக்குத் திருமுக்கூடல் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் நானும் வசந்தாவும் பஸ்ஸில் அழைத்துப் போனோம். ஆனால் டயர் வெடித்த அந்த நாளிலிருந்து அவர் கதவுக்குப் பின்னால் நிற்கவே இல்லை. "மடியிலயே உக்காந்தாச்சு, இனிமே இன்னா மறைப்பு" என்று எதிரிலேயே வந்து இலையில் பரிமாறுவார்.

வூட்டு வண்டி மட்டும் ஊர் திரும்பவில்லை. டிராக்டர் அறுப்பு வேலைக்குப் போய்விட்டது. நாலு நாள் கழித்து வண்டியை எடுக்கலாம் என்று இருந்தார்கள். அதற்குள் காவலுக்கு இருந்த ஐயம்பேட்டை ஆள் ஒருவர் வண்டிக்குள் அடுப்பு மூட்டி, ஜன்னல் வழியாக டீ விற்க ஆரம்பித்திருந்தார். கூட்டம் நன்றாக இருந்தது. மாமனார் போய்ப் பார்த்து, ஒரு டீ குடித்து, "இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். டீக்காக ஆட்கள் நின்றார்கள், ஆட்களுக்காக பஸ் நின்றது. அந்த ஸ்டாப்பிங்குக்கு 'மாப்ள வண்டி' என்று பெயர் வந்தது. பிறகு வண்டி மக்கிப் போய், மரத்தை விறகுக்கு எடுத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

போன வருஷம் நானும் வசந்தாவும் அந்த வழியாக பஸ்ஸில் போனோம். "மாப்ள வண்டியெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். சின்ன வயசுக்காரர். முன் சீட்டில் இருந்த வெளியூர்க்காரர், இது என்ன பெயர் என்று கேட்டார்.

"அதுவா சார், அந்தக் காலத்துல ஒரு மாப்ள மாமியார் வூட்டு வண்டியோட ஓடிட்டானாம். இங்கதான் புடிச்சாங்களாம்."

நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்க்கத் தொடங்கினேன். வசந்தா விடவில்லை. நரைத்த தலையை முன்னால் நீட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வண்டி எங்கபா ஓடுச்சு? ஓடாததுனாலதான் இந்தப் பேரே!"