ஒன்று வந்தால் ஒன்று போகவேண்டும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சௌக்கியமா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். என் காதுக்குக் கீழே வந்திருக்கும் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனார்களே, அதன் முடிவு அன்றைக்குத்தான் வருகிறது. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால் உன் பெயரைப் பார்த்ததுமே உன் அத்தான் பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் கடிதம்.

நீ கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாய், சரி. அதை ஏன்டா இவருக்கும் நடத்தினாய்? "அத்தான், உடம்புல தினமும் பழைய செல் சாகும், அதே அளவுக்குப் புதுசு பிரிஞ்சு வரும், ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் கவலை இல்ல, சாக வேண்டியது சாகாம பெருகிக்கிட்டே போனாத்தான் கட்டி" என்று ஆறுதலுக்குச் சொன்னாயாம். பஸ் டிப்போவில் காலமெல்லாம் டிரைவர்களுக்கு டியூட்டி போட்ட மனுஷன், கப்பென்று பிடித்துக்கொண்டார். "புரிஞ்சுதா? ஷிப்ட் முடிஞ்சும் ஒருத்தன் சீட்டை விட்டு எறங்க மாட்டேங்கறான். அவ்வளவுதான் உன் வியாதி" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். வீடும் ஒரு உடம்பாம், ஒன்று வந்தால் ஒன்று போகவேண்டுமாம். புது டவல் வாங்கினேன், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் நைட்டி போய்விட்டது. மிக்ஸி வந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போனது. "ஏங்க, மிக்ஸி வந்தா பழைய மிக்ஸிதானே போகணும்?" என்றால், "எண்ணிக்கைதான் முக்கியம்" என்கிறார். எனக்கு ஒத்தாசைக்கு என்று நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள் பார், அவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு உன் மருமகனைக் கூப்பிட்டு, "நீ ஒரு வாரம் சிநேகிதன் ரூமுக்குப் போடா, இங்க ஆள் கூடிப்போச்சு" என்று அனுப்பிவிட்டார். பெத்த பிள்ளைடா அவன்! நாத்தனார் என் காதில், "அண்ணி, மொதல்ல அண்ணனை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வருது, எரிச்சலும் வருது, கை தானாகக் கட்டியைத் தடவுது.

இப்படி இருக்கையில் நேற்று என் பெரிய மகள் போன் பண்ணினாள். முழுகாமல் இருக்கிறாளாம். நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். இவர் கத்தவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்புகூட மாட்டாமல் ஓடினார். பழைய சாமான் கடைக்காரனோடு மல்லுக்கட்டி இஸ்திரிப் பெட்டியை மீட்டு, மகனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதோடு விட்டாரா? யாரோ தூக்கிப்போட்ட காலொடிந்த நாற்காலி, கண்ணாடி போன கடிகாரம், மூடியில்லாத பிளாஸ்க் என்று வருது, வருது, வந்துகொண்டே இருக்குது. "என்னங்க இதெல்லாம்?" என்றேன். "இருக்கட்டும். இந்த வீட்டை விட்டு எதுவும் போகவேணாம். யாரும் போகவேணாம். அந்தக் கணக்கே தப்பு" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஒன்று வரப்போகிறது என்றதும் எது போகும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

வளர்கிற குழந்தை உடம்பில் சாகிற செல்லைவிடப் பிறக்கிற செல்தான் அதிகம், அங்கே ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டிக்கொண்டிருந்தால் குழந்தை வளராது என்று நீ முன்பு ஒருமுறை சொன்னாய். அதை அவரிடம் சொல்லு. இது வளர்கிற வீடு, யாரையும் எறக்கிவிட வேண்டியதில்லை என்று சொல்லு. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அத்தானும் விசாரித்ததாக எழுதவேண்டும்தான், அவர் நாற்காலிக்குக் கால் வைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பயமில்லை, வரவேண்டாம் என்று மேலே எழுதியது பொய்டா. வியாழக்கிழமையே வந்துவிடு. அத்தானிடம் அந்த வளர்கிற வீட்டுக் கணக்கைச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்லு. அடுப்படியில் எனக்கும் கேட்கணும்.