ஏழைக்கு எதுக்கு ஃப்ரிட்ஜ்?

ஒருவர் ஏழைதானா என்று தெரிந்துகொள்ள வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜ் சாரை அந்த வீட்டுக்கு அனுப்பினால் போதும்.

அம்பத்தூரில் ஓர் அறக்கட்டளையில் நான் வேலை பார்த்த சமயம். வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது அறக்கட்டளையின் பணி. அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே வசதியில்லாதவர்கள்தானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துவருவது ஃப்ரிட்ஜ் சாரின் பணி. அதற்கு முன்பு தவணைக் கடை ஒன்றில் இருந்தவர். தவணை கட்டாதவர்கள் வீட்டுக்குள் புகுந்து டிவியைத் தூக்கி வருவார். எங்கள் தலைவி மேடம் அதை "ஃபீல்டு அனுபவம்" என்று மெச்சி வேலை கொடுத்திருந்தார்.

மேடம் வகுத்த விதி ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் உதவி கிடையாது. அதனால் சார் எந்த வீட்டிலும் உட்காரமாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். நேரே அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறப்பார்.

ஐயப்பன்தாங்கலில் ஒரு வீட்டில் கெட்டுப்போன ஃப்ரிட்ஜைப் புத்தக அலமாரியாக வைத்திருந்தார்கள். சாருக்குக் கை சும்மா இருக்குமா? பின்பக்கம் உட்கார்ந்து நோண்டி ஓடவைத்துவிட்டார். ஜில்லென்று காற்று வந்ததும், "இப்ப கூலிங் ஆவுது. ஒனக்கு உதவி கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். மனசு கேட்கவில்லை. மறுநாளே போய், பழையபடி கெடுத்துவைத்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவரைக் கவிழ்த்தது சேக்காட்டுப் பவித்ரா வீடு.

அந்தப் பெண்ணுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். அப்பா இல்லை. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாவு புளிக்காமல் இருக்க வேண்டுமே, அதனால் வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜ். சார் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழ்வரை மாவு. ஒரு தக்காளி வைக்க இடமில்லை.

திரும்பி வந்து என்னிடம், "ஃப்ரிட்ஜ் இல்லன்னு எழுதிக்கோ நைனா" என்றார்.

"நிஜமாவா சார்?"

"மாவு கீது. அதச் சுத்தி ஒரு பொட்டி கீது. அவ்ளோதான்."

எழுதினேன். விதி சும்மா விடவில்லை. நன்கொடையாளர்களுக்கு வீடியோ எடுக்க வேண்டும், அந்தப் பெண் வீட்டுக்கு நானே வருகிறேன் என்றார் மேடம். சார் முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் காலை மேடம், கேமராக்காரர், நான் மூவரும் காரில் சேக்காட்டுக்குள் நுழைந்தோம். குறுகலான தெரு. எதிரே மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அதன்மேல் கயிறு கட்டி நிற்கிறது ஃப்ரிட்ஜ். ஒரு பக்கம் பவித்ரா, மறுபக்கம் அவள் அம்மா பிடித்திருக்க, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறார் சார். நாங்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்வரை நாலு வீடு தள்ளி ஒளித்துவைக்கத் திட்டம். நாங்கள் சீக்கிரம் வந்து தொலைத்துவிட்டோம்.

மேடம் கண்ணாடியை இறக்கினார். "யாரோட ஃப்ரிட்ஜ் இது?"

"என்னுது மேடம்" என்றார் சார்.

"உங்க வீடு திருநின்றவூர்ல இல்ல இருக்கு?"

"ஆமா மேடம். அங்கதான் எடுத்துகினு போறேன்."

"மீன்பாடி வண்டியிலயா?"

"காத்தோட்டமா போவும் மேடம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துகொண்டது. ஒரு தூக்கு மாவு அப்படியே சாரின் சட்டைமேல். மேடம் பார்த்தார். சார் அசரவில்லை. "நமக்கு இட்லின்னா உசுரு மேடம்."

பவித்ரா வண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"சார் பொய் சொல்றாரு மேடம். ஃப்ரிட்ஜ் எங்களுது. மாவு வித்துதான் அம்மா என்னைப் படிக்க வச்சாங்க. இது இருக்கிறதால சீட்டு போவும்னா போவட்டும். இத ஒளிச்சு வச்சு நான் படிக்க மாட்டேன்."

குரல் நடுங்கியது. அழவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மேடம் கேமராக்காரரிடம் திரும்பினார். "இதை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன் மேடம்."

"பிரமாதம். வண்டியத் தள்ளுறது மட்டும் இன்னொரு தரம்."

வெயில் ஏறும்வரை அந்த ஃப்ரிட்ஜ் தெருவில் மேலும் கீழும் ஊர்வலம் போனது. அம்மாவைக் கொஞ்சம் சோகமாகத் தள்ளச் சொன்னார்கள்.

வியாழக்கிழமையே கட்டணம் கட்டியாயிற்று. பிழைப்புக்கான ஃப்ரிட்ஜ் வறுமையில் சேரும் என்று விதியும் திருத்தப்பட்டது. நன்கொடையாளர்கள் வீடியோவைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். அதில் சாரை வெட்டியிருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மாவு அப்பிய ஒரு கை மட்டும் தெரியும். வீடியோ வெளியான அன்றே, நேர்மைதான் அறக்கட்டளையின் உயிர்மூச்சு என்று சொல்லி அவரை வேலையை விட்டு அனுப்பினார் மேடம்.

எனக்குத்தான் ஆறவில்லை. சார் மேசையைக் காலி செய்துகொண்டே, "பொண்ணு சேந்துச்சா?" என்றார்.

"சேர்ந்துடுச்சு சார்."

"அப்பால இன்னா? வண்டிய எடு."

என் பைக்கில் வீடுவரை கொண்டுபோய் விட்டேன். ஆவடி தாண்டியும் திட்டு ஓயவில்லை. "பள்ளத்துல உடாத நைனா… லாரி வருது, கண்ணு தெர்ல?… ஒனக்கு எவன் லைசென்ஸ் குட்த்தான்?"

திருநின்றவூர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.