1712-ஆம் வருஷத்துப் பிப்ரவரி

குழந்தைக்கு ஞானஸ்நானம் 1712, பிப்ரவரி இருபத்திரண்டு. பெற்றோருக்குக் கல்யாணம் 1712, மே பத்து. வில்ஃப்ரெட் பெக்ளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சர்ச் பதிவேடு தன் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்படி அப்பா அம்மா கல்யாணத்தை முந்திக்கொண்டு உலகத்துக்கு வந்த தாமஸ் பெக்ளர், வில்ஃப்ரெட்டின் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா.

போர் முடிந்த வருஷம் வில்ஃப்ரெட் லிட்டில் ஸ்னெடனுக்கு வந்தார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி, ஊரில் பாதிப் பேரைச் சந்தைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்திருக்கிறார். ஆனாலும் ஊர் அவரை இன்னும் 'வெளியூர்க்காரர்' என்றுதான் சொன்னது. பெக்ளர்கள் இந்த ஊரிலிருந்துதான் வடக்கே பிழைக்கப் போனவர்கள் என்று அவருடைய அப்பா அடிக்கடி சொல்வார். அதை நிரூபிக்க இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. சர்ச்சின் எழுநூறாவது ஆண்டு விழாவுக்குப் பழைய குடும்பங்கள் தங்கள் வம்சப் படத்தை ஹாலில் மாட்டலாம் என்று பாதிரியார் அறிவித்திருந்தார். சாவதற்குள் ஒரே ஒரு நாளாவது உள்ளூர்க்காரராக இருந்துவிட வேண்டும் என்று வில்ஃப்ரெட்டுக்கு ஆசை.

முதல் படத்தை மாட்டியவர் கிளமென்ட் ஹாஸ்கின். சர்ச் சாவியும் பதிவேட்டுப் பெட்டியும் அவர் பொறுப்பில் இருந்தன, ஊரே தன் பொறுப்பில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. தங்க மையில் எழுதிய படத்தின் உச்சியை விரலால் தட்டிக் காட்டினார். "1712 ஜனவரியில கல்யாணம். அதே வருஷம் நவம்பர்ல மகன். பத்து மாசம், பெக்ளர். எங்க குடும்பத்துல எல்லாமே முறைப்படிதான் நடக்கும்."

அவர் பக்கத்தில் தன் தாமஸை எப்படி மாட்டுவது? மாட்டாமலும் இருக்க முடியாது. சனிக்கிழமை எங்கள் படமும் வருகிறது என்று மனைவி பெரில் தபால் அலுவலகம் தொடங்கி இறைச்சிக் கடை வரை சொல்லி முடித்திருந்தாள்.

வில்ஃப்ரெட் பதிவேட்டை இன்னும் மூன்று பக்கம் புரட்டினார். அங்கே வில்லியம் பெக்ளர் என்று ஒருவர், மனைவி ஜோன். கல்யாணம் 1708, மகன் பிறந்தது 1714. மகன் பெயரும் தாமஸ்! ஆறு வருஷ இடைவெளி. யாரும் வாய் திறக்க முடியாது. செத்துப்போனவர்கள் ஆட்சேபிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் வில்ஃப்ரெட் பெற்றோரை மாற்றிக்கொண்டார். பெரில் இரண்டு நாள் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் படத்தை எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஹாலில் நல்ல கூட்டம். கிளமென்ட் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு போய்த் தோலட்டை போட்ட பழைய ஊர்க்கூட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். அந்தக் காலத்தில் ஏழைகளுக்குச் சோறு போடுவது அந்தந்த ஊரின் கடமை. அதனால் அடுத்த ஊர் ஏழைகளைத் துரத்திவிடுவார்கள். 1716-இல் வில்லியம், ஜோன், மகன் தாமஸ் மூவரும் இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று தீர்மானித்து, வண்டியில் ஏற்றி எல்லை தாண்டி விட்டிருக்கிறார்கள்.

"ஆக, அப்பவே நீங்க வெளியூர்தான்," என்றார் கிளமென்ட்.

ஹால் சிரித்தது. வில்ஃப்ரெட்டுக்குக் காது சுட்டது. அவர்கள் அப்புறம் திரும்பி வந்துவிட்டார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். கிளமென்ட் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"வாஸ்தவம்தான். வந்தாங்க. சவுக்கடி வாங்கிக்கிட்டு மறுபடியும் போயிட்டாங்க."

இதற்கு மேல் வில்ஃப்ரெட்டால் தாங்க முடியவில்லை. "அவங்க என் ஆளுங்களே இல்ல," என்றார். "என்னோட தாமஸ் வேற. 1712 பிப்ரவரியில பொறந்தவர். அவங்க அப்பா அம்மாவுக்கு மே மாசம்தான் கல்யாணம் ஆச்சு. போதுமா? ஆனா இந்த ஊர்லதான் ஆச்சு."

பெரில் தான் எழுதிய படத்தைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் என்ன காத்திருக்கிறது என்று வில்ஃப்ரெட்டுக்குப் புரிந்தது. கிளமென்ட் பெருந்தன்மையோடு, அதையும் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம், கதவுக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்றார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த ஐவி கெட்டிலைக் கீழே வைத்தாள். நாற்பது வருஷமாக சர்ச்சைக் கூட்டித் துடைப்பவள்.

"அந்தக் காலத்துல வருஷம் மார்ச் இருபத்தஞ்சுலதான் பொறக்கும், வில்ஃப். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் வருஷக் கடைசி. பதிவேட்டுல டிசம்பருக்கு அடுத்த வரியைப் பாரு, அதே வருஷத்து ஜனவரின்னு இருக்கும். நாப்பது வருஷம் தூசி தட்டறவ கண்ணுல இதுகூடப் படாதா? முதல்ல மே மாசம் கல்யாணம். அப்புறம்தான் உன் பிப்ரவரி."

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, ஐவி சொல்வது சரிதான் என்றார்.

வில்ஃப்ரெட் விரல்விட்டு எண்ணினார். மே முதல் பிப்ரவரி வரை ஒன்பது மாதம், மேலே பன்னிரண்டு நாள். பெரில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் அழுத்தமாகவே. யாரோ ஒருவர், நம்ம ஊர் பெக்ளர்தானே என்று சொன்னது காதில் விழுந்தது.

ஐவி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு தங்க மைப் படத்தின் அருகே நின்ற கிளமென்டிடம் போனாள். படத்தை அண்ணாந்து ஒருமுறை படித்தாள்.

"சர்க்கரை ரெண்டுதானே, மிஸ்டர் ஹாஸ்கின்? உங்க ஜனவரிக் கல்யாணத்துக்கு, அந்த நவம்பர்ப் பையனும் வந்திருப்பான் போல."